மீட்டிங் அக்கா நாற்காலியில் உட்கார்ந்த கதை

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். "மீட்டிங் அக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். முற்றத்தில் பந்து விளையாடுகிற வாண்டுகூட, "அஞ்சாவது மாடி, கடைசிக் கதவு" என்று விரலை நீட்டும். பெயர் வந்த காரணம் சாதாரணம்தான். பத்தொன்பது வருடமாக அவள் ஒரு பெரிய கம்பெனியின் வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். எடுத்து அவள் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம். "சார் மீட்டிங்ல இருக்காரு."

சார் மீட்டிங்கில் இருக்கமாட்டார். உள்ளே கண்ணாடி அறையில் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று மீனோடு பேசிக்கொண்டிருப்பார். வெளியே போன் மணி அடித்துக்கொண்டிருக்கும். கம்பெனி லாரி இடித்து வீட்டுச் சுவரைப் பறிகொடுத்தவர் ஒரு பக்கம், மெஷினில் விரலைப் பறிகொடுத்தவனின் மனைவி ஒரு பக்கம். இவர்கள் எல்லாரையும் கோபம் வராமல் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. சும்மா சொல்லக்கூடாது, அதில் அவள் மகா கெட்டிக்காரி. நெருப்பாகக் கத்திக்கொண்டு வந்தவர்கள் அவளோடு நாலு நிமிடம் பேசினால் போதும், "பரவாயில்லம்மா, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைப்பார்கள்.

பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு ஆள்தான் அவளைத் தாண்டிப் போனார். அவர் ஒரு தையற்காரர். கத்தவில்லை, கெஞ்சவில்லை. "எப்ப வரட்டும்மா?" என்று கேட்டார். இவள் வழக்கம்போல் சர்க்கரை தடவி ஏதோ சொன்னாள். "சரிம்மா. எப்ப?" என்றார். அப்புறம் பேசவே இல்லை. போனில் அவர் கடைச் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியை நிரப்ப இவள் என்னென்னவோ பேசிப் பார்த்தாள். முடித்ததும் மறுபடியும் "எப்ப?", மறுபடியும் கடிகாரம். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் சாருக்கே லைனைக் கொடுத்துவிட்டாள்.

"கத்தறவங்களைச் சமாளிச்சுடலாம்க்கா. சும்மா இருக்கறவங்களைச் சமாளிக்கவே முடியாது" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்றால், தன் கூடப் பிறந்த அக்காவிடம்.

அந்த அக்காவைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள். அவள் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றாயிற்று, ஆனாலும் யாராவது "கண்டக்டரா இருந்தீங்களாமே" என்றால், "இருந்தேனா? இப்ப மட்டும் என்னவாம்?" என்று முறைப்பாள். இருபத்தாறு வருடம் ஆடுகிற பஸ்ஸில் நின்றே வேலை பார்த்தவள். "உள்ள நகருங்க!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து நகர்வான். கழுத்தில் கயிறு கட்டி ஒரு விசில் தொங்கும். ஒரு தரம் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு தரம் ஊதினால் கிளம்ப வேண்டும். வேலையை விட்ட பிறகும் விசிலைக் கழற்றவில்லை. தங்கச்சி சமையலறையில் இருந்தால் ஒரு விசில், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் இரண்டு விசில்.

நின்று நின்று இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், தங்கச்சி வீட்டோடு வந்து சேர்ந்தாள். அவள் வந்தபோது கட்டடத்தின் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் மாதம் ஒருநாள் 'கட' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. நின்றது நின்றதுதான், இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆயிற்று. ஊரெல்லாம் சுற்றியவள் ஐந்தாவது மாடி நடைபாதையிலேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். கீழே முற்றத்தில் நடக்கிறதைப் பார்ப்பாள், அங்கிருந்தே அதட்டுவாள்.

ஒரே ஒரு தடவை கீழே போனாள். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நாலு ஆண்பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது ஒருவன் விளையாட்டாக, "பீரோவைக்கூட இறக்கிடலாம் போல" என்றான். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"ஆயிரக்கணக்குல ஆளுங்களை ஏத்தி இறக்கினவடி நான். என்னை மூட்டை மாதிரி இன்னொரு தடவை எவனும் தூக்கக் கூடாது. செத்தா தூக்கட்டும்" என்றாள்.

டாக்டர் சொன்னதோ வேறு விதம். வாரத்துக்கு மூன்று நாள் வந்து பயிற்சி செய்ய வேண்டும், மூன்று மாதம் செய்து தசை பலப்பட்டால்தான் ஆபரேஷன். இந்த வருடத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை, படுக்கைதான். வருடம் முடிய அப்போது ஐந்து மாதம் இருந்தது.

கட்டடத்துக்குச் சொந்தக்காரி ஒரு அம்மாள். எல்லாரும் ஓனரம்மா என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை, கஷ்டமே அதுதான்! கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். நாற்பத்தெட்டு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் விசாரிப்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அக்காவுக்குக்கூட ஒரு பழக்கூடை அனுப்பினார், 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று அட்டை எழுதி. அதைச் சுமந்துகொண்டு ஐந்து மாடி ஏறி வந்த டிரைவர் வாசலிலேயே உட்கார்ந்து, பேச்சு வராமல் கையை ஆட்டித் தண்ணீர் கேட்டார்.

லிஃப்ட்? அதுதான் நடக்கவில்லை. நாலு மனு போட்டார்கள், கிணற்றில் போட்ட கல். மேனேஜர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார், எழுதினார், போனார். மீட்டிங் அக்கா பதினோரு தடவை ஓனரம்மா ஆபீசுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்தது ஒரு பெண் குரல், தேன் மாதிரி. "மேடம் மீட்டிங்ல இருக்காங்க மேடம். நீங்க சாப்ட்டீங்களா?"

இவளுக்குக் கோபம் வரவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, என்னமா பண்றா இந்தப் பொண்ணு! என் வசனத்தை எனக்கே சொல்றா" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணிடம் தோற்றுப்போய் போனை வைப்பது எப்படி இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டடம் கட்டிய நாளை ஒவ்வொரு வருடமும் முற்றத்தில் நாடகம் போட்டுக் கொண்டாடுவார்கள். ஓனரம்மாதான் தலைமை. நாடகம் எழுதுகிறவர் கீழ்த்தள மருந்துக்கடைக்காரர், ஆள் நல்லவர், ஆனால் தும்மினாலே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தும்முகிற ரகம். இந்த வருடம் லிஃப்டைப் பற்றி எழுதுங்கள் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாதே! மனிதர் லிஃப்டைப் பாலமாக மாற்றிவிட்டார். ஒரு எஸ்டேட், அதற்குள் ஓர் ஓடை, மேலே ஒரு மரப்பாலம். பலகை உளுத்துப்போயிற்று, மாற்றுங்கள் என்று தொழிலாளிகள் மூன்று தடவை எஸ்டேட்டம்மாவிடம் போய்க் கேட்கிறார்கள். அந்த அம்மாள் மாற்றவில்லை. கடைசியில் பாலம் உடைகிறது. இதுதான் கதை.

எஸ்டேட்டம்மா வேடத்துக்கு மீட்டிங் அக்காவைக் கூப்பிட்டார்கள், குரல் நன்றாக இருக்கிறது என்று. முதல் ஒத்திகையில் காகிதத்தை வாங்கிப் படித்தாள். "சீ, நாய்களே! பாலம் உடைந்தால் எனக்கென்ன? ஹஹ்ஹஹ்ஹா!" என்று எழுதியிருந்தது.

"என்ன சார் இது?"

"ஏம்மா, காரம் பத்தலையா?"

"இப்படி ஒருத்தங்க மூஞ்சிக்கு நேரா சொன்னா நல்லதாப் போச்சே சார்! திருப்பிக் கேட்டுடலாமே. நிஜத்துல யார் இப்படிப் பேசறாங்க? அவங்க வாயில 'முடியாது'ங்கற வார்த்தையே வராது."

"பின்ன என்ன சொல்வாங்க?"

"சாப்ட்டீங்களான்னு கேப்பாங்க."

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, நீயே எழுதிக்கொண்டு வா என்று காகிதத்தை அவளிடமே தள்ளிவிட்டார்.

அவள் எழுதினாள். ஆபீசில் போனுக்கும் போனுக்கும் நடுவே எழுதினாள். எழுத வேண்டியதே இல்லை, பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை வரிசையாக வைத்தாள், அவ்வளவுதான். மேலே கொஞ்சம் முத்துமாலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, தலைவலி வந்தால் நெற்றிப்பொட்டில் ஒற்றை விரல். ஒத்திகையில் கேட்டுவிட்டு மருந்துக்கடைக்காரர், "இதுல வில்லத்தனமே இல்லையேம்மா?" என்று இழுத்தார்.

"இருங்க சார். நாலு தடவை கேளுங்க. அஞ்சாவது தடவை உங்களுக்கே பல்லைக் கடிக்கத் தோணும்."

வீட்டில் அக்காதான் தொழிலாளி. கட்டிலில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பாள், தங்கச்சி முத்துமாலையை உருட்டிக்கொண்டு பதில் சொல்வாள். இரண்டாவது கேள்வியிலேயே அக்காவுக்கு ரத்தம் கொதித்துவிடும். தலையணை பறந்து வரும்.

"அடிப்பாவி! கழுவுற மீனுல நழுவுற மீனா இருக்கியே! இதெல்லாம் எங்கடி கத்துகிட்டே?"

"சம்பளம் குடுத்துக் கத்துக்குடுத்தாங்கக்கா" என்று சிரித்தவள், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த வாயை வச்சுக்கிட்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அந்த விரல் போனவனோட பொண்டாட்டி இருபது தடவைக்கு மேல போன் பண்ணிச்சு. கடைசியில எனக்கு நன்றி சொல்லிட்டு வச்சிடுச்சு."

அக்கா தலையணையைத் திரும்ப வாங்கி முதுகுக்கு வைத்துக்கொண்டாள். "சரி, அழுவாத. வசனத்தைச் சொல்லு" என்றாள்.

இந்தக் கட்டடத்து நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்ததும் கலைந்து போய்விடக்கூடாது. மேடை நடுவில் ஒரு நாற்காலி போடுவார்கள். கதையில் யார் தப்பு செய்தாரோ அவர் வேடம் கலைக்காமல் அதில் உட்கார வேண்டும். சபையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அவர் அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும். "தப்பு என்னோடதுதான்" என்று வாய் தவறி வந்துவிட்டால் சபை ஜெயித்தது, நடித்தவர் ஒற்றை ஆளாக நூற்றெண்பது நாற்காலியையும் மடக்கி அடுக்க வேண்டும். வராவிட்டால் சபைக்காரர்கள் அடுக்க வேண்டும். சபை தோற்றதாகச் சரித்திரமே இல்லை. போன வருடம் கொடுமைக்கார அப்பாவாக நடித்த பிளம்பர் மூன்று நிமிடத்தில் விழுந்துவிட்டார். விழுந்தது மட்டுமா, கேட்காத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, சொந்த மகனைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம். முற்றம் நிறைந்துவிட்டது, மாடி நடைபாதைகளிலும் தலைகள். ஐந்தாவது மாடியில் கம்பிக்குப் பின்னால் அக்கா, ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விசில். முன் வரிசையில் ஓனரம்மா, பட்டுக் கைக்குட்டையோடு.

முதலில் வந்த தொழிலாளியிடம் எஸ்டேட்டம்மா, "அடடா, என்கிட்ட யாருமே சொல்லலையே!" என்றாள். இரண்டாவது தடவை, "நான் உடனே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். நீங்க எதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். மூன்றாவது தடவை நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டு, "எங்க அப்பா கட்டின பாலம் அது. அதைப் பத்தி நினைச்சா எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்றாள். தொழிலாளிகளாக நடித்தவர்கள் உண்மையிலேயே அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலம் உடைந்தது. செய்தி கேட்டு எஸ்டேட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் ஒரே நேரத்துல ஏன் நடந்தாங்க?" என்று கேட்டாள். முற்றம் முழுக்க 'உச்' கொட்டியது.

ஓனரம்மாவும் கொட்டினார். பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரரிடம் திரும்பி, "இப்படியும் ஜனங்க இருக்காங்களே!" என்றார். மருந்துக்கடைக்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நாற்காலி வந்தது. மீட்டிங் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

பிளம்பர்தான் முதலில் எழுந்தார், போன வருடக் கடனைத் தீர்க்கிற வேகத்தில். "ஏம்மா, பாலம் உடைஞ்சது யார் தப்பு?"

"அடடா, நீங்களா! வாங்க வாங்க. ஏன் நின்னுக்கிட்டே பேசறீங்க? முதல்ல உக்காருங்க. பையன் இப்ப எப்படிப் படிக்கிறான்?"

"நல்லாப் படிக்கிறான் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் கேள்வி கேட்டது ஞாபகம் வந்தது. சபை கொல்லென்று சிரித்தது.

கணக்கு டீச்சர் எழுந்தார். அவரிடம் தப்பிப்பது கஷ்டம், கட்டடத்தில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். "சுத்தி வளைக்காதீங்க. ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தை."

எஸ்டேட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீச்சரை ஆசையோடு பார்த்தாள். "இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன் டீச்சர். இவ்வளவு நேர்மையா என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல. பாலத்துக்கு ஒரு கமிட்டி போடலாம்னு இருக்கேன். நீங்களே தலைவியா இருந்துடுங்களேன்?"

டீச்சர் பின்னல் நுனியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கமிட்டித் தலைவி என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது என்பது மூன்றாவது மாடிக்கே தெரிந்தது.

இப்படியே நாற்பது நிமிடம். கோபமாகக் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அழுது கேட்டவர்களோடு சேர்ந்து அழுதாள். விஷயம் தெரிந்து கேட்டவர்களிடம், "நீங்க அவசியம் ஆபீசுக்கு வந்து மேனேஜருக்கு விளக்கணும்" என்றாள். ஒரு கட்டத்தில் ஜனங்களுக்கு வசனம் மனப்பாடமாகி, அவள் "அடடா" என்றதும் பின் வரிசைப் பிள்ளைகள் "என்கிட்ட யாருமே சொல்லலையே!" என்று முடித்துவைக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் பிளம்பர் இரண்டு கையையும் தூக்கி, "சபை தோத்துச்சு!" என்று அறிவித்தார். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கட்டடச் சரித்திரத்திலேயே முதல் தடவை! நாற்காலியில் இருந்தவளுக்குக் காது மடல் சூடேறிவிட்டது. அவள் வாழ்க்கையில் யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை.

ஓனரம்மா மேடை ஏறி மைக்கை வாங்கினார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர். "அடடா..." என்று ஆரம்பித்தார்.

முற்றத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. அவர் அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். "அடடா, எவ்வளவு அருமையா நடிச்சாங்க! இந்த மாதிரி பொறுப்பில்லாதவங்களை நாம..."

மேலே ஒற்றை விசில் கேட்டது.

அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஓனரம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். அவள் கேட்கப்போகிறாள் என்று தங்கச்சிக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. மைக் இல்லாமல், கத்தாமல், பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் அக்கா கேட்டாள். "ஓனரம்மா, லிஃப்ட் எப்ப ஓடும்?"

"அடடா, நீங்களா! அங்கயா இருக்கீங்க? சாப்ட்டீங்களா?"

முற்றம் வெடித்தது. சிரிப்பு என்றால் சிரிப்பு, ஆறு மாடியும் குலுங்குகிற சிரிப்பு. ஓனரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "இல்லம்மா, லிஃப்ட் ஓடலைன்னு என்கிட்ட..." என்றார்.

"யாருமே சொல்லலையே!" என்றது முற்றம்.

"நான் உடனே மேனேஜர்..."

"கிட்ட சொல்லிடறேன்!"

"எங்க அப்பா..."

"கட்டினது!" டீச்சர் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

ஓனரம்மாவின் விரல் தானாக எழுந்து நெற்றிப்பொட்டுக்குப் போனது. பாதி வழியில் அதை அவரே பார்த்துவிட்டார். விரல் அப்படியே நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சறுக்கும்போது யானையின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு மாடியாக அடங்கியது. கடைசியில் ஒரு சத்தமும் இல்லை.

மேலேயிருந்து அக்கா கேட்டாள். "சரிம்மா. எப்ப?"

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. சபையும் பேசவில்லை. மருந்துக்கடைச் சுவர்க் கடிகாரம் ஓடுகிறது, அது கேட்கிறது. எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது, அதுவும் கேட்கிறது.

ஓனரம்மா திரும்பினார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தது நாற்காலியில் இருந்தவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை மீட்டிங் அக்காவுக்கு அத்துப்படி. கண்ணாடி அறைக்குள்ளிருந்து சார் இப்படித்தான் பார்ப்பார். நீ ஏதாவது சொல்லி அனுப்பிவிடேன் என்கிற பார்வை.

அவளுக்கு நாக்கு அரித்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அரித்தது. 'மேடம் இப்பதான் வந்திருக்காங்க, களைப்பா இருக்காங்க, நாளைக்குப் பேசிக்கலாமே' என்று வசனம் தயாராகத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொன்னால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கைக்குட்டை கசங்கிக் கையில் உருண்டையாகிவிட்டது. அவள் மேலே பார்த்தாள். அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாத காலில் நின்றுகொண்டிருந்தாள்.

மீட்டிங் அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தாள். முத்துமாலையை உருட்டிய கையைக்கூட மடியில் வைத்துவிட்டாள்.

கடிகாரம் ஓடியது.

"அடுத்த மாசம்..." என்றார் ஓனரம்மா. குரல் சின்னதாக வந்தது. யாரும் பேசவில்லை. "அடுத்த மாசம் பத்தாம் தேதி."

"காலையிலயா, சாயங்காலமா?" என்றாள் அக்கா.

"காலையில."

பிளம்பர் ஓடிப்போய் சாக்பீஸ் எடுத்துவந்து, செத்துக்கிடந்த லிஃப்ட் கதவில் 'பத்தாம் தேதி காலை' என்று முழ நீளத்துக்கு எழுதினார். தும்முவதற்கே பயப்படுகிற மருந்துக்கடைக்காரர் அந்த சாக்பீஸை வாங்கி, ஓனரம்மா முன்னால் இரண்டு கையாலும் நீட்டினார். "ஒரு கையெழுத்தும் போட்டுடுங்கம்மா, கீழயே." ஓனரம்மா போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அழகான கையெழுத்து. அன்றைக்குச் சபைதான் தோற்றது என்பதால் நூற்றெண்பது நாற்காலியையும் சபைதான் மடக்கியது. தோற்றவர்கள் அவ்வளவு சந்தோஷமாக நாற்காலி மடக்கி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆபீசில் போன் அடித்தது. விரல் போனவனின் மனைவி. "சார் இருக்காரா மேடம்?" என்று கேட்கும்போதே குரலில் தோல்வி இருந்தது. மீட்டிங் அக்கா கண்ணாடி அறையைப் பார்த்தாள். சார் மீனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இருக்காரும்மா. இப்ப லைன் குடுக்கறேன். 'எப்ப'ன்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க. என்ன பேசினாலும் சும்மா இருங்க, புரியுதா?"

லைனைக் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் போனைக் காதில் வைத்தார், சிரித்தார், கையை ஆட்டிப் பேசினார், நிறுத்தினார், மறுபடியும் பேசினார், மறுபடியும் நிறுத்தினார். பத்து நிமிடம் கழித்துக் காலண்டரைத் திருப்பிப் பேனாவால் வட்டம் போட்டார். அன்றைக்கு மதியம் அவர் வெளியே வந்து, "லைன் ஏன் குடுத்தே?" என்று கேட்டார். "மீட்டிங் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன் சார்" என்றாள் அவள், கண்ணைச் சிமிட்டாமல். அவளுடைய தொழில் அவளை எப்போதுமே கைவிட்டதில்லை.

பத்தாம் தேதிக்கு ஆறு நாள் முன்னதாகவே ஆட்கள் வந்து, கயிறு மாற்றினார்கள், மோட்டார் மாற்றினார்கள், ஒரு எலிக் குடும்பத்தை வெளியேற்றினார்கள். பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு லிஃப்ட் நகரவில்லை. பதினொன்றுக்கும் நகரவில்லை. கட்டடமே வேலைக்குப் போகாமல் ஒவ்வொரு மாடியிலும் கும்பலாக நின்றது. மெக்கானிக் வியர்த்துப்போனார். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழே மோட்டார் முனகியது, முனகல் ஏறி ஏறி வந்து ஐந்தாவது மாடியில் நின்றது, கதவு திறந்தது. கதவில் சாக்பீஸ் எழுத்தை யாரும் அழிக்கவில்லை.

டாக்டரிடம் பயிற்சி ஆரம்பிக்கப் போவதற்காக, அக்கா பழைய யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அது இப்போது கொஞ்சம் இறுக்கம். ஊன்றுகோலைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே உள்ளே ஏறினாள். கூட ஏற நாலைந்து பேர் முண்டியடித்தார்கள். திரும்பி நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"உள்ள நகருங்க!"

எல்லாரும் நகர்ந்தார்கள். மீட்டிங் அக்கா கடைசியாக ஏறினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, பயமா?" என்றாள் அக்கா.

"உனக்குத்தான்க்கா கை நடுங்குது."

"வாயை மூடு."

கதவு சாத்திக்கொண்டது. அக்கா விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினாள். லிஃப்ட் கிளம்பியது.